ஒரு வாரம் நீருக்குள் இருந்த முகம்

1976 நவம்பர் 13, சனிக்கிழமை மாலை. பிபிசியில் 'டாக்டர் ஹூ' தொடரின் 'தி டெட்லி அசாசின்' கதை ஓடுகிறது. நான்கு பகுதிகளில் இது மூன்றாவது. கோத் என்பவன் டாக்டரின் தலையைப் பிடித்துக் குட்டை நீருக்குள் அமுக்குகிறான். நீருக்கடியில் டாக்டராக நடித்த டாம் பேக்கரின் முகம். அந்த இடத்தில் காட்சி அப்படியே உறைந்து நிற்க, முடிவிசை எழுகிறது. மிச்சம் அடுத்த சனிக்கிழமைதான்.

இந்த நான்கு பகுதிகளைப் பற்றிப் பார்வையாளர்கள் சொன்னவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் வேறொரு படைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்களோ என்று தோன்றும். படம் மாறவில்லை. பார்க்க வந்தவர்களின் கையில் என்ன இருந்தது என்பதுதான் மாறியது.

முதலில் எழுந்தது மேரி வைட்ஹவுஸின் குரல். தேசியப் பார்வையாளர் மற்றும் நேயர் சங்கத்தை நடத்திவந்த அவர், தொலைக்காட்சியில் வன்முறையையும் ஆபாசத்தையும் பல ஆண்டுகளாக எதிர்த்துவந்தவர். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவது தொடரின் ரசிகர்களிடம் வழக்கம். ஆனால் இந்தப் புகாரில் அவர் தொட்ட இடம் கூர்மையானது. டாக்டர் பிழைத்துவிடுவார் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு சிறு குழந்தை, அந்த முகம் நீருக்குள்ளேயே இருப்பதாக எண்ணி ஒரு வாரம் முழுக்கக் கழிக்க வேண்டியிருக்கிறது என்றார் அவர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோடு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு வாரத்தின் கனம் புரியும். படைப்பாளிகள் எதை உத்தி என்று நம்பினார்களோ, அதைத்தான் அவர் குற்றமாகச் சுட்டினார். எனக்கு அவருடைய முடிவில் உடன்பாடில்லை. ஆனால் அந்தக் காட்சி எப்படி வேலை செய்கிறது என்பதை அன்று மிக நுட்பமாகக் கவனித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

பிபிசியின் தலைமை இயக்குநர் சார்லஸ் கரன் வருத்தம் தெரிவித்தார். மூல நாடாவிலிருந்து அந்த உறைந்த காட்சி வெட்டப்பட்டது. அதற்குள் தயாரிப்பாளர் பிலிப் ஹிஞ்ச்கிளிஃப் 'டார்கெட்' என்ற போலீஸ் தொடருக்குப் போக, அவர் இடத்துக்கு வந்த கிரகாம் வில்லியம்ஸிடம் வன்முறையைக் குறைக்கும்படி சொல்லப்பட்டது.

இரண்டாவது எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. டாக்டர் ஹூ ரசிகர் சங்கம் அப்போதுதான் உருவாகியிருந்தது. அதன் இதழில் சங்கத் தலைவரே இந்தக் கதையைக் கடுமையாகச் சாடினார். ரத்தமோ நீரோ அவரைப் புண்படுத்தவில்லை; டாக்டரின் சொந்த இனமான டைம் லார்டுகளின் சித்திரம்தான் புண்படுத்தியது. 1969-இல் 'தி வார் கேம்ஸ்' கதையில் அவர்கள் முதன்முதலாக வந்தபோது, ஒரு கிரகத்தையே சிறைப்படுத்தும் ஆற்றலுள்ள, சலனமற்ற நீதிபதிகளாக நின்றார்கள். ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய இந்தக் கதையிலோ அவர்கள் மூட்டுவலிக்காரக் கிழவர்கள். பதவிக்குச் சண்டை போடுகிறார்கள். அங்கி கசங்குவதற்குக் கவலைப்படுகிறார்கள். ஊழல் வெளியே தெரியாமலிருக்க உண்மையைத் திருத்தி எழுதுகிறார்கள். தங்கள் காலடியில் எந்தச் சக்தி இயங்குகிறது என்பதையே மறந்துபோயிருக்கிறார்கள்.

இந்தக் கோபத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 1976-இல் 'தி வார் கேம்ஸ்' கதையை மறுபடி பார்க்க ஒரு ரசிகருக்கு வழியே இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன், அநேகமாகச் சிறுவனாக, ஒரே ஒருமுறை பார்த்தது. பிறகு நினைவுதான். நினைவு சும்மா இருக்காது. பிடித்த உருவத்தை மேலும் மேலும் உயரமாக்கும். அப்படி வளர்த்துவைத்த தெய்வங்களை ஹோம்ஸ் ஒரு கல்லூரி நிர்வாகக் குழுவாக்கிக் காட்டியபோது, அது அவமதிப்பாகத்தான் பட்டிருக்கும்.

ஆனாலும் நியாயம் ஹோம்ஸ் பக்கம்தான். மாஸ்டர், மோர்பியஸ், ஒமேகா என்று இத்தனை கலகக்காரர்களையும் குற்றவாளிகளையும் பெற்ற ஒரு சமூகம் எப்படி மாசற்றதாக இருக்க முடியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டரே அங்கிருந்து ஓடிவந்தவர். எதைப் பார்த்துச் சகிக்காமல் ஓடினார் என்ற கேள்விக்குத் தொடர் முதன்முறையாக ஒரு முகம் கொடுத்தது இங்கேதான்.

சாதாரணப் பார்வையாளர்கள் என்ன நினைத்தார்கள்? ஒவ்வொரு பகுதியையும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பழைய கதையோடு பொருந்துகிறதா என்ற கணக்கு அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்திருக்காது. அவர்கள் கண்டது ஒரு கொலைச் சதி. அதன் சாயலை 1962-இன் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' படத்தில் காணலாம். கூடவே, ஒரு கணிப்பொறியின் கனவுக்குள் இறங்கிய மூன்றாம் பகுதி. இயக்குநர் டேவிட் மலோனி அதைப் பெரிதும் வெட்டவெளியிலேயே எடுத்தார்: கல்குவாரி, காடு, வாயுமூடி அணிந்த சிப்பாய், தரையிலிருந்து சிரிக்கும் கோமாளி முகம், துரத்திச் சுடும் விமானம். வசனம் மிகக் குறைவு. அந்தக் கனவுலகுக்கு ஹோம்ஸ் வைத்த பெயர் 'மேட்ரிக்ஸ்'; அதே பெயரில் ஹாலிவுட் படம் வர இன்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தன. இன்றும் இந்தக் கதையைப் புகழ்பவர்கள் இந்தப் பகுதியிலிருந்தே தொடங்குகிறார்கள். அதன் பிறகு வரும் நான்காம் பகுதி தளர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

வீடியோ நாடா வீடுகளுக்கு வந்ததும் மதிப்பீடு புரண்டது. அடுத்த தலைமுறை 'தி வார் கேம்ஸ்' கதையையும் இதையும் ஒரே அலமாரியில் வைத்துக்கொண்டு வளர்ந்தது. உயரக் கழுத்துப்பட்டி அங்கிகள், ரசிலான் என்ற பெயர், ஒரு டைம் லார்டு பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்ற விதி எல்லாமே இந்தக் கதை தந்தவை. அவர்களுக்கு இவையே மரபு. 'டாக்டர் ஹூ மேகசின்' 2009-இல் அதுவரை வந்த 200 கதைகளுக்கும் வாசகர் வாக்கெடுப்பு நடத்தியபோது, ஒருகாலத்தில் துரோகம் என்று திட்டப்பட்ட இந்தக் கதை முன்வரிசையில் நின்றது. முதலிடம் பெற்ற 'தி கேவ்ஸ் ஆஃப் ஆன்ட்ரோசானி'யை எழுதியவரும் ஹோம்ஸ்தான்.

இன்றைய பார்வையாளர்கள் வேறொன்றைக் கேட்கிறார்கள். ஒரு முழு கிரகத்தின் தலைநகரைக் காட்டும் இந்தக் கதையில் ஒரு பெண்கூட இல்லை. கணிப்பொறிக்குக் குரல் கொடுத்த ஹெலன் பிளாட்ச் மட்டும்தான். டாக்டரின் துணையாக நடித்த எலிசபெத் ஸ்லேடன் முந்தைய கதையோடு விலகியிருந்ததால் துணைப் பாத்திரமும் கிடையாது. 1976-இன் சண்டையில் இது ஒரு குறையாகவே பேசப்படவில்லை. எனக்கு இதுதான் கதையின் மெய்யான ஊனம்.

2020 மார்ச் 1 அன்று ஒளிபரப்பான 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' டைம் லார்டுகளின் தோற்றக் கதையை மறுபடி மாற்றி எழுதியது. மரபைச் சிதைத்துவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். அவர்கள் காக்க விரும்பிய மரபில் பெரும்பகுதி 1976-இல் ஹோம்ஸ் எழுதியது. அன்றைய ரசிகர்கள் மரபுச் சிதைவு என்று சொன்ன அதே பகுதி.

வெட்டப்பட்ட அந்த உறைந்த காட்சி, ஒளிபரப்பின்போதே பதிவுசெய்த ஒரு பிரதியிலிருந்து மீட்கப்பட்டு 2009-இன் டிவிடியில் சேர்ந்தது. நான் இந்தக் கதையைப் பார்த்தது அதில்தான், நான்கு பகுதிகளையும் ஒரே இரவில். நீருக்கடியில் முகம் உறைந்தது. இசை ஓடி முடிந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் டாக்டர் தலையை வெளியே எடுத்துவிட்டார்.