எழுத்துகளால் எழுந்த நகரம்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நெடியதொரு கட்டடம் நிற்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் படைக்கலத் தொழிற்சாலையாக எழுந்தது அது. இரண்டாம் உலகப்போரின்போது கட்டாயத் தொழிலாளர்கள் அங்கே உழைக்க வைக்கப்பட்டனர். 1997-இல் அதில் குடிபுகுந்தவையோ, கலை ஊடகத் தொழில்நுட்ப மையமும், 1992-இல் தொடங்கப்பெற்ற கலை, வடிவமைப்புப் பல்கலைக்கழகமும் ஆகும். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் எனக் கனவு கண்ட இறைவாக்கினர் எசாயாவை நாம் நினையாதிருக்க இயலுமோ?

இவ்விரண்டையும் நிறுவிய ஹைன்ரிஷ் குளோட்ஸ், மரபுக் கலைகளும் மின்னணு ஊடகங்களும் ஒரே கூரையின்கீழ் பயிலப்பட வேண்டும் என விழைந்தார். அவருக்கு முன்மாதிரி 1919-இல் வைமாரில் பிறந்த பௌஹௌஸ் கலைப்பள்ளி. அப்பள்ளியின் முதல் அறிக்கையின் முகப்பை அணிசெய்தது, ஃபைனிங்கர் மரத்தில் செதுக்கிய பேராலய ஓவியம். கொத்தரும் தச்சரும் ஓவியரும் கூடி எழுப்பும் ஆலயமே கலைக்கல்வியின் உருவகமாயிற்று.

அம்மையத்தின் காட்சி ஊடகப் பிரிவை 1991 முதல் வழிநடத்தியவர் ஆஸ்திரேலியக் கலைஞர் ஜெஃப்ரி ஷா. 'படிக்கத்தக்க நகரம்' என்னும் அவரது படைப்பில், நிலையாக நிறுத்தப்பட்ட மிதிவண்டியில் பார்வையாளர் ஏறி மிதிக்கிறார். எதிரே திரையில், கட்டடங்களுக்கு மாற்றாக எழுத்துகளே நிற்கும் தெருக்கள் விரிகின்றன. மன்ஹாட்டன், ஆம்ஸ்டர்டாம், கார்ல்ஸ்ரூஹே என மூன்று நகரங்கள். ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் பழைய ஆவணங்களில் பதிவான எளிய நிகழ்ச்சிகள் வீட்டளவு உயர்ந்து நிற்கின்றன.

இதன் சிறப்பு, உடலுழைப்பின்றிப் படிக்க முடியாது என்பதே. மிதிப்பதை நிறுத்தினால் வாசிப்பும் நின்றுவிடும். விரலசைவில் எல்லாம் வந்து சேரும் இந்நாளில் இது நற்பாடம். ஆயினும் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது. நகரம் முழுதும் சொற்கள். ஆனால் எதிர்ப்படும் மனிதர் ஒருவருமில்லை. ஷாவும் இதனை உணர்ந்தார் போலும். 1998-இல் உருவான புதிய வடிவில், வெவ்வேறு இடங்களில் மிதிப்போர் அத்தெருக்களில் சந்தித்து உரையாட வழி செய்தார். எம்மாவு சாலையில் நடந்த சீடரும் பேசிக்கொண்டு சென்றபோதன்றோ மூன்றாமவர் உடன் வந்தார்!

எனினும், தொழிற்சாலை கலைக்கூடமானதால் மட்டும் எசாயாவின் கனவு நிறைவேறிவிடாது. அச்சுவர்களுக்குள் வாடிய தொழிலாளரையும் அங்குப் பயிலும் இளையோர் படித்தாக வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999-இல் கலைஞர்களுக்கு மடல் வரைந்து, அழகைத் தேடுவதை ஓர் அழைத்தலாகவே போற்றினார். அழைத்தல் எனில் அதற்குப் பொறுப்பும் உண்டு. புதிய கருவி எதுவும் நம் இல்லத்துள் நுழையும்போது, 'இது நம்மை யாருடைய துயரத்தைப் படிக்கச் செய்கிறது?' என்று நாமும் கேட்போமாக.