முதனூலும் வழிநூலும்: திகில் படங்களின் கடன் கணக்கு

தமிழ் இலக்கணம் கடன் பெறுதலைக் குற்றமாகக் கருதியதில்லை. தொல்காப்பியர் மரபியலில் நூல்களை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலுக்கு நான்கு நெறிகளை வகுத்தார். பவணந்தியார் நன்னூலில் சார்புநூலையும் சேர்த்தார். வழிநூல் செய்வோன் முன்னோரின் முடிபோடு பொருந்தி நின்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. கம்பரும் வான்மீகியாருக்குத் தாம் பட்ட கடனை மறைத்தாரல்லர்.

ஆகவே, கடன் பெறும் கலைஞனிடம் நம் மரபு இரண்டை எதிர்பார்க்கிறது எனலாம். ஒன்று, கொடுத்தவன் பெயரைச் சொல்லுதல். மற்றொன்று, பெற்றதனோடு தன் பொருளைச் சேர்த்தல். இலக்கியத்திற்கு வெகுதூரத்தில் இருப்பதாக நாம் எண்ணும் திகில் திரைப்படங்களை இவ்விரண்டு அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தாலியின் சந்தை

பரபரப்பை விலைபேசிய திகில் படங்களுக்கு 1960 முதல் 1980கள் வரை இத்தாலி பெருஞ்சந்தையாக விளங்கியது. அச்சந்தையின் கண் எப்போதும் அமெரிக்காவின் மீதே இருந்தது. தம் பெயரைக் கண்டதும் இத்தாலிய மக்களே படத்தை ஐயுறுகின்றனர் என்று கருதிய இயக்குநர் ரிக்கார்தோ ஃப்ரெதா, ராபர்ட் ஹாம்ப்டன் என்னும் ஆங்கிலப் பெயரைப் பூண்டார். அந்தோனியோ மார்கெரித்தி, ஆன்டனி டாசன் ஆனார். தாய்மொழிப் பெயரையே மறைத்துக்கொண்டு தன் நாட்டாருக்கே படம் விற்க நேர்ந்த அவலத்தை என்னென்பது!

படப்பெயர்களிலும் இதே நிலைதான். ஜார்ஜ் ரோமரோவின் அமெரிக்கப் படம் 1978இல் இத்தாலியில் ‘சோம்பி’ என்ற பெயரில் ஓடியது. மறு ஆண்டே லூசியோ ஃபுல்ச்சியின் படம் ‘சோம்பி 2’ என்று வந்தது. முதற்படத்தோடு கதையுறவு இல்லை, பெயருறவு மட்டுமே. ‘ஏலியன்’ 1979இல் வெளியாக, 1980இல் ‘ஏலியன் 2’ ஒன்று இத்தாலியிலேயே பிறந்தது. ‘ஜாஸ்’ (1975) படத்தின் சுறாவைப் பின்பற்றி என்சோ காஸ்தெல்லாரி 1981இல் எடுத்த படத்தின் மீது யுனிவர்சல் நிறுவனம் வழக்குத் தொடுத்து, அதனை அமெரிக்கத் திரையரங்குகளிலிருந்து அகற்றச் செய்தது. இவை தொகுத்தலும் அல்ல, விரித்தலும் அல்ல. பிறர் கடைப் பலகையைத் தம் கடையில் மாட்டிய செயல்.

எனினும் இத்தாலியரை இவ்வளவில் தள்ளிவிடுதல் நியாயமன்று. மாரியோ பாவா 1963இல் எடுத்த ‘அளவுக்கு மீறி அறிந்த பெண்’ என்னும் பொருள்படும் படம், ஹிட்ச்காக்கின் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ என்பதன் பெயரை வெளிப்படையாகவே எதிரொலித்தது. ஆயின் அதிலிருந்து ‘ஜியல்லோ’ என்னும் ஒரு புதிய வகையே கிளைத்தது. அச்சொல்லுக்கு மஞ்சள் என்று பொருள். 1929 முதல் மொந்ததோரி பதிப்பகம் மஞ்சள் அட்டையில் வெளியிட்ட துப்பறியும் நாவல் வரிசையால் வந்த பெயர் அது. பாவா 1971இல் எடுத்த மற்றொரு கொலைப்படத்தின் சாயலைப் பின்னாளில் அமெரிக்காவின் ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ வரிசைப் படங்களில் காண்கிறோம். கடன் வாங்கியவன் கடன் கொடுப்பவனாகவும் உயர்ந்தான். உண்மையான வழிநூலுக்கு இஃது ஓர் அடையாளம்.

சுவருக்குள் ஒரு பிணம்

இந்தக் கடன் கணக்கில் தமிழுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஃபுல்ச்சி 1977இல் ‘செத்தே நோத்தே இன் நேரோ’ என்றொரு படம் எடுத்தார். இருளில் ஏழு சுரங்கள் என்று அதனைத் தமிழாக்கலாம். ஒரு பெண்ணின் மனக்கண்ணில் கொலைக் காட்சி ஒன்று துண்டு துண்டாகத் தோன்றுகிறது. கணவனின் பழைய மாளிகையில் சுவரை இடிக்கிறாள், எலும்புக்கூடு கிடைக்கிறது. தான் கண்டது கடந்த காலம் என்று நம்பித் தேடிச் செல்பவள், அது தனக்கே வரவிருக்கும் முடிவு என்பதைப் பிந்தி உணர்கிறாள்.

சுவருக்குள் பிணம் என்பதும் ஃபுல்ச்சியின் சொந்தக் கற்பனை அன்று. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய ‘கறுப்புப் பூனை’ கதையில், சுவருக்குள் மறைத்த மனைவியின் பிணத்தைப் பூனையின் ஓலம் காட்டிக்கொடுக்கிறது. ஃபுல்ச்சியின் படத்தில் கைக்கடிகாரத்தின் இசை அவ்வேலையைச் செய்கிறது. போ 1846இல் எழுதிய மற்றொரு கதையில் ஒருவனை உயிரோடு சுவரெழுப்பி அடைக்கின்றனர். அக்கதையின் களமோ இத்தாலி! இரு நாடுகளுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் அத்துணைப் பழையது.

அந்த இத்தாலியப் படத்தின் தழுவலாக 1984இல் தமிழில் வந்தது மணிவண்ணன் இயக்கிய ‘நூறாவது நாள்’. விஜயகாந்த், மோகன், நளினி நடித்தனர், இளையராஜா இசையமைத்தார். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகத் தோன்றிய சத்யராஜை அக்காலத்து இரசிகர் மறந்திரார்.

மணிவண்ணன் சேர்த்த பொருள் யாது? இத்தாலியப் படத்தில் சுவருக்குள் இருப்பவள் கணவனின் பழைய காதலி, நாயகிக்கு அயலாள். தமிழில் அவள் நாயகியின் உடன்பிறந்தவள். இந்த ஒரு மாற்றத்தால் துப்பறியும் புதிர் குடும்பத் துயரமாகிவிடுகிறது. புகுந்த வீட்டில் ஒரு பெண் சொல்வதை எவரும் நம்பாத நிலை, அவள் யாரை நம்பி வந்தாளோ அவன் வீட்டுச் சுவருக்குள்ளேயே அவள் இரத்த உறவு புதைந்து கிடக்கும் கொடுமை ஆகியவை நம் குடும்பங்கள் நன்கறிந்த அச்சங்கள். இவ்வகையில் இப்படம் ‘வேறுபாடு’ கூறிய வழிநூலே.

ஆனால் இழந்ததும் ஒன்றுண்டு. வருவது உரைக்கும் கனவு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் கூறுகிறாள். கோவலனும் கனாக் காண்கிறான், பாண்டிமாதேவியும் காண்கிறாள். எந்தக் கனவும் ஊழைத் தடுக்கவில்லை. ஃபுல்ச்சியின் நாயகியும் கனவை ஆராயப் புகுந்ததாலேயே அச்சுவரை நோக்கி நடக்கிறாள். ஊழ் பற்றிய இந்த ஆழம் அயல்நாட்டுப் படத்தில் இருக்க, அதனைத் தன் உரிமையாகவே கொண்ட தமிழில் கனவு பெரிதும் குற்றவாளியைக் காட்டும் துப்பாகக் குறுகிவிட்டது. இளங்கோவடிகள் வீட்டிலேயே வைத்துப் போன செல்வத்தை எடுத்திருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும்.

‘நூறாவது நாள்’ 1991இல் இந்தியில் ‘ஹண்ட்ரட் டேஸ்’ ஆயிற்று. பார்த்தோ கோஷ் இயக்க, மாதுரி தீட்சித் நடித்தார். ஃபுல்ச்சி படத்தின் இசையை 2003இல் குவென்டின் டாரன்டினோ தம் ‘கில் பில்’ முதற்பாகத்தில் எடுத்தாண்டார். அமெரிக்கக் கதையில் பிறந்த கரு இத்தாலி, சென்னை, மும்பை எனப் பயணப்பட, அதன் இசை அமெரிக்காவுக்கே திரும்பியது.

அமீர்பேட்டின் பங்கு

நாம் வாழும் அமீர்பேட்டும் இக்கணக்கிற்குப் புறம்பானதன்று. சாரதி ஸ்டூடியோ இங்கே உள்ளது. சத்யம் திரையரங்கு இருந்த இடத்தில் 2023இல் புதிய அரங்கத் தொகுதி எழுந்தது. இவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது ஒரு வீடியோ கடை. இயக்குநராகும் முன் ராம் கோபால் வர்மா அமீர்பேட்டில் வீடியோ கேசட்டுகளை வாடகைக்கு விடும் கடை நடத்தினார். அயல்நாட்டுப் படங்கள் ஒரு கலைஞனின் கைக்கு எட்டிய வழி அது.

1989இல் அவர் எடுத்த ‘சிவா’வை ‘உதயம்’ என்ற பெயரில் தமிழகமும் கண்டது. 1992இல் ரேவதியை நாயகியாக்கித் தெலுங்கில் ‘ராத்ரி’, இந்தியில் ‘ராத்’ என அவர் எடுத்த திகில் படம், பேய் பிடித்த பெண் என்னும் ‘எக்ஸார்சிஸ்ட்’ (1973) மரபைச் சேர்ந்தது. எனினும் அதன் அச்சம் நடுத்தரக் குடும்பத்து வீட்டிலும், ஆட்கள் திடீரென மறைந்துபோன திரையரங்கின் வெற்று இருக்கைகளிலும் குடிகொண்டிருக்கிறது. பின்னர் 2005இல் ‘சர்க்கார்’ படத்தின் தொடக்கத்திலேயே ‘காட்ஃபாதர்’ படத்திற்குத் தாம் பட்ட கடனை எழுதிக் காட்டினார். அவருடைய எல்லாப் படங்களையும் போற்ற இயலாவிடினும், அந்த ஒரு செயல் போற்றத்தக்கது.

நாம் செய்யத்தக்கது

‘ஹண்ட்ரட் டேஸ்’ பார்த்த அண்டைவீட்டார் அதனை இந்தியின் சொந்தக் கதை என்று பாராட்டும்போது, அது தமிழிலிருந்து சென்றது என்று சொல்ல நம் நா துடிக்கிறது. அந்தத் துடிப்பு நியாயமானதே. ஆனால் அதே நாவால் ஃபுல்ச்சியின் பெயரையும், அவருக்கு முன் போவின் பெயரையும் சொல்லத் துணிய வேண்டும். வரவேண்டிய கடனை மட்டும் எழுதி, தரவேண்டியதை விட்டுவிடும் கணக்கைக் கணக்கென்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

பிறமொழி நடுவே வாழும் நமக்கு இஃது இன்னும் நெருங்கிய பாடம். நம் மக்கள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பெறுகின்றனர். பெறுவதில் இழிவில்லை. ஃப்ரெதாவைப்போலத் தம் பெயரை மறைத்துக்கொள்ளாமலும், பாவாவைப்போலப் பெற்றதைத் தமதாக்கித் திருப்பிக் கொடுத்தும் வாழ அவர்களுக்குக் கற்பிப்போமானால், அவர்கள் இயற்றும் வழிநூல்கள் நாளை பிறருக்கு முதனூல்களாகும்.