நோயாளியின் காதில் விழும் பொருள்

மூச்சுக்குழலை ஆங்கில மருத்துவம் டிரக்கியா என்கிறது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குச் 'சொரசொரப்பானது' என்றுதான் பொருள். எது சொரசொரப்பு? ஆர்ட்டரி. பழைய கிரேக்கர்கள் மூச்சுக்குழலைச் 'சொரசொரப்பான ஆர்ட்டரி' என்றார்கள். இன்று நாம் தமனி என்பதையும் காற்றோடும் குழாய் என்றே அவர்களில் பலர் நம்பினார்கள். இறந்த உடலை அறுத்தால் சிரைகளில் இரத்தம் தேங்கியிருக்கும், தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். கண்ணால் கண்டதை வைத்துத்தான் தவறினார்கள். தமனிக்குள்ளும் இரத்தமே ஓடுகிறது என்று மருத்துவர் கேலன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உயிருள்ள விலங்குகளில் காட்டினார். கொள்கை விழுந்தது, பெயர் விழவில்லை. தமனி என்ற வடசொல்லின் வேருக்கும் ஊதுதல் என்பதே பொருள்.

இந்தப் பிழையான பெயரால் யாருக்கும் கேடில்லை. மலேரியாவும் அப்படித்தான். இத்தாலிய மொழியில் அது 'கெட்ட காற்று'. அந்நோயைத் தரும் ஒட்டுண்ணியை மருத்துவர் லாவெரான் 1880இல் அல்ஜீரியாவில் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். அதன்பின் மலேரியா என்று கேட்டு யாரும் ஜன்னலை மூடிக் காற்றைத் தடுக்கவில்லை. சொல்லுக்குள் இருந்த பொருள் உறங்கிவிட்டது.

தமிழில் மருத்துவச் சொல் ஆக்குவோர் இந்த இடத்தில்தான் நின்று யோசித்திருக்க வேண்டும். இலண்டனில் இருக்கும் நோயாளிக்குக் கிரேக்கம் தெரியாது. அவர் காதில் விழுவது வெறும் ஒலி. அதே சொல்லின் வேரைப் பிரித்துத் தமிழில் ஆக்கித் தந்தால், உறங்கிய பொருள் விழித்துக்கொள்கிறது. நம் நோயாளிக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிகிறது. ஆகவே ஒரு தமிழ்க் கலைச்சொல்லை மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து மதிப்பிடுவது போதாது. கேட்பவர் மனத்தில் அது எதை எழுப்புகிறது என்று பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுகின்றன. நுரையீரல் என்று முதலில் சொன்னவர் யாரோ, ஆட்டையோ மாட்டையோ அறுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனமில்லை, அழுத்தினால் நுரைக்கிறது. எந்தக் கொள்கையும் அதில் இல்லை, அதனால் எந்தக் கண்டுபிடிப்பும் அதைப் பொய்யாக்காது. தடுப்பூசியும் நல்ல சொல். ஆங்கில வாக்சினுக்குள் பசு இருக்கிறது. ஜென்னர் 1798இல் எழுதிய பசு அம்மையிலிருந்து வந்தது. நாம் பசுவை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்துக்கொண்டோம். போலியோவுக்குச் சொட்டு மருந்து வந்தபோது மட்டும் 'ஊசி' பொருந்தவில்லை. சொட்டு மருந்து என்பதே அதற்குப் பெயராக நின்றது.

இலங்கைப் பாடநூல்கள் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் சொல்கின்றன. நாடி மிகச் சிறப்பு: மணிக்கட்டில் துடிப்பதை விரலால் தொட்டுக்கொண்டே கற்கலாம். நாளம் அவ்வளவு சிறப்பில்லை. தமிழகத்தில் எல்லா இரத்தக் குழாய்களுக்கும் அது பொதுப்பெயர்.

சர்க்கரை நோய்க்கு என் தீர்ப்பு கலப்பானது. இரத்தத்தில் அளக்கப்படும் பொருளை அது நேரே சுட்டுகிறது; 'சுகர் எத்தனை?' என்று கேட்கும் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு சாப்பிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் சொன்னபடி நடந்தார்கள், அவ்வளவுதான். நீரிழிவு மூலத்துக்கு நெருக்கம்: டயாபடீஸ் என்றாலும் 'ஊடே கடந்து ஓடுவது'தான். ஆனால் அதில் அறிகுறி மட்டுமே உண்டு, அதுவும் எல்லாருக்கும் தொடக்கத்தில் தெரிவதில்லை.

பொருள் உறங்கும் சொல் எப்போதும் பாதுகாப்பானது என்றும் நான் சொல்ல மாட்டேன். டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற நோய்க்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. அது நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் பற்றியது. பெயரில் ஒற்றுமை இருந்ததால் மருத்துவப் பணியாளர்களே குழம்பி, உயிர்காக்கும் மருந்தை நிறுத்திய நிகழ்வுகள் உண்டு. அதனால்தான் 2022இல் உலக நாளமில்லாச் சுரப்பி வல்லுநர்கள் கூடி, அந்த ஹார்மோனின் பெயராலேயே நோயை அழைக்கப் பரிந்துரைத்தார்கள்.

தமிழில் எனக்கு மிகவும் வலிக்கும் சொல் மனச்சிதைவு. அதன் மூலமான ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் முன்வைத்தார். அதற்கு முன் மனநல மருத்துவர் கிரேப்பலின் பயன்படுத்திய பெயர் 'இளமையிலேயே வரும் அறிவழிவு' என்ற பொருள் தருவது. எல்லாருக்கும் இது இளமையில் வருவதில்லை, எல்லாருக்கும் அழிவில் முடிவதுமில்லை என்பதே ப்ளாய்லரின் மறுப்பு. எண்ணமும் உணர்வும் தமக்குள் தொடர்பு இழப்பதைத்தான் அவர் 'பிளவு' என்றார். தமிழில் மனப்பிளவு என்று சொன்னால் இரட்டை ஆளுமை என்ற தவறான எண்ணம் வரும். அதைத் தவிர்த்தது மனச்சிதைவின் நற்பேறு. ஆனால் சிதைவு எங்கெல்லாம் வருகிறது பாருங்கள். இடிந்த கோயில் சிதைவு. கருச்சிதைவு. சிதைந்தது திரும்ப வராது. ப்ளாய்லர் எந்தப் பொருளை அகற்றப் புதுப்பெயர் தந்தாரோ, அந்த அழிவை நாம் தமிழில் மறுபடி உள்ளே கொண்டுவந்துவிட்டோம். மருந்தால் தேறி வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்கள் பலர் இருக்கும் ஒரு நோய்க்கு, அது பொய்யான பெயர்.

ஜப்பானியரும் சீன எழுத்துகளில் 'மனம் பிளந்து பிரியும் நோய்' என்றே மொழிபெயர்த்திருந்தார்கள். நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டதன்பேரில் 2002இல் 'ஒருங்கிணைப்புத் தவறிய நிலை' என்று மாற்றினார்கள். நோயின் பெயரை நோயாளியிடமே மருத்துவர்கள் சொல்வது மூன்றாண்டுகளில் 36.7 சதவீதத்திலிருந்து 69.7 சதவீதமாக உயர்ந்தது. மருந்து மாறியதால் அல்ல, வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல் கிடைத்ததால் என்றே நான் கொள்கிறேன். சுமார் பத்தாண்டு கழித்துத் தென் கொரியா, நரம்புக் கருவிக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தது. சுருதி கலைந்தால் மறுபடி கூட்டலாம்.

பெயர் மாறினால் இழிவு புதுப்பெயருக்குத் தாவும் என்பார்கள். உண்மைதான். குஷ்டம் தொழுநோயானது, ஒதுக்கிவைத்தல் தொடர்ந்தது. 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சைதான் நிலையை மாற்றியது. பெயர் சிகிச்சையின் வேலையைச் செய்யாது. ஆனால் சிகிச்சைக்கு வரும் வழியில் அது குறுக்கே நிற்கக் கூடாது.

ஆகவே மனச்சிதைவு பாடநூலிலிருந்தும் மருத்துவமனைச் சீட்டிலிருந்தும் போக வேண்டும். நல்ல தமிழ்ச்சொல் அமையும்வரை ஸ்கிசோஃப்ரீனியா என்றே எழுதலாம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிட்டார். தமிழ் அதனால் குறைந்துவிடவில்லை. ஸ்கிசோஃப்ரீனியா வாயில் நுழையக் கடினம். ஆனால் மகனோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம், அவன் மனம் அழிந்துவிட்டது என்று அது சொல்வதில்லை.