சொல்லில்லாமல் சிரிக்க வைக்கும் செம்மறிகள்

சிறுவர் படம் போட்டால், பெரியவர்கள் எழும்பித் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவது நம் வீடுகளில் வழக்கம். ‘ஷோன் த ஷீப் மூவி’யை அப்படி விட்டுவிட்டுப் போக ஏலாது. பிரித்தானியாவின் ஆர்ட்மன் நிறுவனம் தயாரித்து, மார்க் பேர்ட்டனும் ரிச்சர்ட் ஸ்டார்சாக்கும் எழுதி இயக்கி, 2015இல் வெளிவந்த படம் இது. ஓடுவது 85 நிமிடம். அதில் விளங்கக்கூடிய வசனம் ஒன்றுமே இல்லை. ஆடு கத்துகிறது, நாய் உறுமுகிறது, மனிதர்கள் முணுமுணுக்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லாததால், உம்மும்மாவும் மூன்று வயதுப் பேரனும் ஒரே இடத்தில் சேர்ந்து சிரிக்கலாம்.

கதை சின்னது. தினமும் ஒரே வேலை, ஒரே ஒழுங்கு என்று சலித்துப்போன பண்ணை ஆடுகள் ஒருநாள் லீவு எடுக்கத் திட்டம் போடுகின்றன. ஆடுகளை எண்ணினால் தூக்கம் வரும் என்பது ஆங்கிலேயர் நம்பிக்கை. ஆகவே வேலியை ஒவ்வொன்றாகத் தாண்டிக் காட்டி, முதலாளியைத் தூங்க வைக்கின்றன. அவர் படுத்திருந்த வண்டி உருண்டு பட்டணத்துக்கே போய்விடுகிறது. தலையில் அடிபட்டு அவருக்கு நினைவு தப்பிவிடுகிறது. ஆனால் கை மறக்கவில்லை. ஆட்டு மயிர் கத்தரித்த அதே கையால் ஒரு பிரபலத்தின் தலையைக் கத்தரிக்க, அது பட்டணத்தின் புது நாகரிகமாகிவிடுகிறது!

தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார். எள்ளல் அதில் ஒன்று. இளமை, பேதைமை, மடன் என்பன மற்ற மூன்று. நம் பிள்ளைகள் பார்த்து வளரும் தமிழ்ச் சினிமா நகைச்சுவையில் பெரும்பகுதி எள்ளலை மட்டுமே நம்பி ஓடுகிறது. கறுத்த தோல், பருத்த உடம்பு, திக்குவாய், பிறருடைய பேச்சுவழக்கு எல்லாமே அங்கு பகிடிதான். ஒருவரை ஒருவர் பரிகசிப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது என்று ஓதிக்கொடுக்கிறோம். மாலையில் அதே பிள்ளை டீவியில் எதற்குச் சிரிக்கிறது என்று பார்ப்பதில்லை.

இந்தப் படத்திலும் எள்ளல் உண்டு. அது புகழுக்குப் பின்னால் ஓடும் கூட்டத்தின் மேல் விழுகிறது, எளியவர் மேல் விழவில்லை. மீதிச் சிரிப்பெல்லாம் மற்ற மூன்றிலிருந்து வருகிறது. மனிதர் உடுப்பை மாட்டிக்கொண்டு உணவகத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும் ஆடுகளைப் பார்த்தால் இது புரியும்.

சிரிப்பு நின்றுபோகும் இடமும் உண்டு. தேடித் தேடி முதலாளியைக் கண்டுபிடித்த ஷோன் சந்தோஷத்தோடு அவர் முன்னே போய் நிற்கிறது. அவருக்கு அதை அடையாளம் தெரியவில்லை, வெளியே அனுப்பிவிடுகிறார். களிமண் பொம்மையின் இரண்டு கண்ணும் கொஞ்ச நேர மௌனமும்தான் அங்கே இருக்கின்றன. நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

குறையும் இருக்கிறது. விலங்கு பிடிக்கும் அதிகாரி வெறும் வில்லனாகவே நின்றுவிடுகிறார். கடைசித் துரத்தல் வேறு படங்களிலும் கண்டதுதான். பண்ணை வீட்டைப் பிடித்துக்கொண்டு கும்மாளம் போடும் பன்றிகள் வருகின்றன; சில பெற்றோருக்கு அது பிடிக்காமல் போகலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஷோனை வெளியே அனுப்பும் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு, அது என்ன சொல்ல நினைத்திருக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி லேசில் கிடைக்காது.