எந்தப் புத்தகம் வாங்கலாம்? நவீன இயற்பியல் பாடநூல்கள் குறித்து ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். நம் சங்கத்து நண்பர் ஒருவர் மகளுடன் வாசலில் காத்திருந்தார். பெண்ணுக்கு பி.எஸ்ஸி. இயற்பியல் ஆனர்ஸில் இடம் கிடைத்திருக்கிறது. அவர் கையில் ஐந்து புத்தகங்களின் பட்டியல்.

"சார், அஞ்சையும் வாங்கிடலாம்னு இருக்கேன். காலேஜ் ஸ்ட்ரீட் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தோம்" என்றார். அந்தப் பெண் மட்டும் மெதுவாக, "மாமா, அஞ்சையும் படிக்க முடியுமா?" என்றாள்.

அப்பா கேட்டது சரியான கேள்விதான். மகள் கேட்டது அதைவிடச் சரியான கேள்வி. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அவளுக்குச் சொன்ன பதிலையே விரித்து எழுதினால் இன்னும் நாலு வீட்டுக்குப் பயன்படுமே என்று தோன்றியது.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்நகரத்தில் 35 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். பல வருஷங்களுக்கு முன் நம் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் இதே கேள்வியோடு வந்தான். கெட்டிக்காரன். நானும் பெருமையாக ஃபைன்மனின் விரிவுரைகள் மூன்றாம் தொகுதியை எடுத்துக் கொடுத்து, "இதைப் படி, மற்றதெல்லாம் தானாக வரும்" என்றேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் ஆண்டில் அவன் இயற்பியலையே விட்டுவிட்டு வேறு படிப்புக்குப் போய்விட்டான். வெகுநாள் கழித்து ஒரு பொங்கல் விழாவில் பார்த்தபோது, "சார், நீங்க கொடுத்த புக் எனக்குப் புரியலை. புரியலைன்னு உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்தது" என்றான். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. நூல் உயர்ந்ததுதான், கொடுத்த நேரம்தான் தவறு. கால்டெக்கில் 1961 முதல் 1963 வரை நிகழ்த்திய அந்த விரிவுரைகளால் மாணவர்கள் போதிய பயன் பெற்றார்களா என்று ஃபைன்மனே தம் முன்னுரையில் ஐயப்பட்டிருக்கிறார். அந்த முன்னுரையை நான் முதலில் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

ஆகவே நூலின் கனத்தையும் ஆசிரியரின் புகழையும் பார்த்து வாங்காதீர்கள். கடையில் நின்றபடியே இரண்டு இடங்களைப் புரட்டிப் பாருங்கள்.

முதல் இடம், கரும்பொருள் கதிர்வீச்சு பற்றிய பக்கம். பெரும்பாலான நூல்களில் கதை இப்படிப் போகும்: ராலே, ஜீன்ஸ் இருவரின் பழைய சூத்திரம் புற ஊதாப் பகுதியில் முடிவிலிக்கு ஓடியது, அந்த விபரீதத்தைத் தீர்க்க பிளாங்க் குவாண்டத்தைக் கொண்டுவந்தார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வருஷங்களைப் பாருங்கள். பிளாங்க் தம் சூத்திரத்தை வெளியிட்டது 1900-ல். ராலே-ஜீன்ஸ் சூத்திரம் முழு வடிவம் பெற்றது 1905-ல். "புற ஊதாப் பேரழிவு" என்ற பெயரை எரென்ஃபெஸ்ட் சூட்டியது 1911-ல். உண்மையில் பிளாங்குக்கு எதிரே இருந்தது வீன் என்பவரின் விதி. பெர்லின் ஆய்வகத்தில் அளந்தபோது அந்த விதி பிசகிய இடம் புற ஊதா அல்ல; நேர் எதிர்ப்பக்கம், நீண்ட அலைநீளங்கள் கொண்ட அகச்சிவப்புப் பகுதி!

"கணக்கு சரியாக இருந்தால் போதாதா, வரலாறு எதற்கு?" என்று கேட்கலாம். வரலாறு தவறும்போது, அறிவியல் எப்படி நடக்கிறது என்ற எண்ணமும் தவறிவிடுகிறது. அளவீடும் சூத்திரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய கதை, மேதை ஒருவரின் திடீர் மந்திரமாக மாறிவிடுகிறது. மந்திரத்தைப் படிக்கும் பிள்ளை, "எனக்கு அந்த மூளை இல்லை" என்று ஒதுங்கிப் போகும்.

இரண்டாம் இடம், ஹைட்ரஜன் அணு. போர் 1913-ல் சொன்ன மாதிரியில், மிகத் தாழ்ந்த நிலையில் எலக்ட்ரானின் சுற்றுக் கோண உந்தம், பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தால் வருவது. ஷ்ரோடிங்கர் 1926-ல் தந்த சமன்பாட்டின்படி அதே நிலையில் அது பூஜ்யம். ஆற்றல் மட்டும் இரண்டிலும் ஒன்றே: மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட். விடை ஒத்துப்போகிறது, படம் ஒத்துப்போகவில்லை. இதைத் துணிந்து சொல்கிறதா நூல்? ஹைட்ரஜனுக்குப் பொருந்திய போர் மாதிரி, இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தில் தோற்றது என்று சொல்கிறதா? சொல்லாத நூல் தேர்வுக்கு உதவலாம். சிந்தனைக்கு உதவாது.

இனி நூல்கள். ஆர்தர் பைசரின் "கான்செப்ட்ஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்" 1963-ல் முதலில் வந்தது. சார்பியலில் தொடங்கி அணுக்கரு, அடிப்படைத் துகள்கள் வரை சின்னச் சின்னப் பகுதிகளாக நடத்திச் செல்லும். ஆங்கிலம் எளிது. நம் பிள்ளைகளில் தமிழ் அல்லது வங்காளி வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு இது பெரிய உதவி. இந்நூலில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. போர் மாதிரியை அவர் டி பிராயின் அலைக் கருத்தின் வழியே வருவிக்கிறார். அந்தக் கருத்து வந்ததோ 1924-ல். ஆனால், போர் போன வழி வேறு, அலைக் கருத்து பத்தாண்டு கழித்துத்தான் வந்தது என்று அவரே சொல்லிவிடுகிறார். குறுக்குவழியில் போனால் குற்றமில்லை. இது குறுக்குவழி என்று சொல்லாமல் போவதுதான் குற்றம். பைசரிடம் குறை என்று சொன்னால் சுருக்கம். குவாண்டம் இயக்கவியலின் கணக்கு சூடு பிடிக்கும்போது அத்தியாயம் முடிந்துவிடும்.

கென்னத் கிரேனின் "மாடர்ன் ஃபிசிக்ஸ்" 1983-ல் வந்தது. சோதனைகளை, அளவீட்டு வரைபடங்களோடு விளக்குவதில் இது ஒரு படி மேல். அத்தியாய முடிவில் கணக்குகளுக்கு முன் எண்களே இல்லாத வினாக்கள் வருகின்றன. மாணவர்கள் தாண்டிச் செல்லும் பக்கம் அதுதான். புரிந்ததா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும் பக்கமும் அதுதான்.

ஐஸ்பெர்க்கும் ரெஸ்னிக்கும் 1974-ல் எழுதிய குவாண்டம் இயற்பியல் நூல் எழுநூறு பக்கத்துக்கு மேல் விரியும். ஒரு படியைக்கூட விடாமல் பொறுமையாக விளக்கும். ஆனால் சார்பியல் அதில் பிற்சேர்க்கையாகத்தான் இருக்கிறது. அதற்கு ரெஸ்னிக் 1968-ல் தனியே எழுதிய சிறு நூல் வேண்டும். முதலாண்டில் இது சுமை. இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில் நல்ல துணை.

நம் நாட்டுப் பாடத்திட்ட நூல்களை இகழ்ந்து பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் இகழமாட்டேன். தமிழகக் கல்லூரிகளில் பலரும் படித்த முருகேசனின் நூல் போன்றவை, பாடத்திட்டம் முழுவதையும் ஓரிடத்தில் தருகின்றன, கைக்கெட்டிய விலையில் கிடைக்கின்றன. தேர்வுக்கு முந்தைய வாரம் அவற்றின் அருமை தெரியும். ஆனால் அவற்றை மட்டுமே படித்தால் வருவிப்பு மனப்பாடமாகும், ஐயம் பிறக்காது.

ஐயம் ஏன் பிறக்க வேண்டும்? நம் கொல்கத்தாவிலேயே விடை இருக்கிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை மேகநாத் சாஹாவும் சத்யேந்திர நாத் போஸும் இளம் விரிவுரையாளர்களாக இருந்தபோது ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். கல்கத்தா பல்கலைக்கழகம் அதை 1920-ல் வெளியிட்டது. பிறகு டாக்காவுக்குப் போன போஸுக்கு, பிளாங்க் விதியை வருவிக்கும் வழக்கமான முறையில் திருப்தி இல்லை. பாதிப் பழைய இயற்பியல், பாதிப் புதியது என்று ஒட்டுப்போட்ட வருவிப்பு அது. ஒட்டில்லாத வருவிப்பு ஒன்றைத் தாமே கண்டு, 1924 ஜூனில் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். "இந்த வருவிப்பு எனக்குப் போதவில்லை" என்று ஓர் ஆசிரியர் உணர்ந்ததிலிருந்து ஒரு புதிய புள்ளியியலே பிறந்தது. எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறோம் என்று மாணவருக்குக் காட்டுகிற நூலே நல்ல நூல் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, படிக்க பைசர் அல்லது கிரேன், ஏதாவது ஒன்று. பாடத்திட்டத்துக்கு உன் கல்லூரி சொல்லும் நூல் ஒன்று. மற்ற மூன்றையும் நூலகத்தில் பார்த்துக்கொள். ஃபைன்மன் இப்போது இணையத்திலேயே இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறார், அவர் எங்கும் ஓடிப்போக மாட்டார். புரியாவிட்டால் புரியவில்லை என்று வந்து சொல். அதில் வெட்கமே கூடாது."

கடைசி வாக்கியம் அவளுக்காக மட்டும் சொன்னதல்ல.

இந்த பிப்ரவரியில் ஒரு நாள் இரவு தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, கோண உந்தம் பூஜ்யம்னா எலக்ட்ரான் சுத்தவே இல்லையா? அப்ப நாங்க ஸ்கூல்ல போட்ட படம் எல்லாம் என்ன?" என்றாள். அரை மணி நேரம் தமிழிலேயே பேசினோம். சுற்றுப்பாதை என்ற ஒன்றே அங்கே இல்லை என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. சண்டை போட்டாள்.

பெற்றோர்களே, புத்தகம் வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. பிள்ளை எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று அவ்வப்போது கேளுங்கள். பதில் நமக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. "புரியலை" என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தால், அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் போகாது.