திண்ணைப் பள்ளியும் கற்றல் கோட்பாடுகளும்

கல்வியியல் பட்ட வகுப்பிற் சேரும் நம் இளைஞர் அனைவரும் கற்றல் கோட்பாடுகள் என்னும் பாடத்தைக் கடந்தே வருகின்றனர். தார்ண்டைக்கின் பூனை, பாவ்லவின் நாய், ஸ்கின்னரின் புறா, கோலரின் மனிதக் குரங்கு என ஒரு விலங்குக் காட்சிச்சாலையே அங்கு உண்டு. அதைத் தாண்டிய பின்னரே பியாஜேயின் குழந்தை கண்ணிற் படுகிறது. குழந்தை தானே செய்து அறிவதே கற்றல், நெட்டுருப் போடுவது கற்றலாகாது என்னும் விடையையும் மாணவர் நெட்டுருப் போட்டே எழுதுகின்றனர்! இக்கோட்பாடுகளை நம் மண்ணில் நடந்த கல்வியோடு சற்று உரசிப் பார்ப்போம்.

திண்ணைப் பள்ளி என்றதும் பிரம்பும் ஓயாத ஒப்பித்தலும் நம் நினைவுக்கு வருகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த செந்தில் பாபு, தென்னிந்தியக் கணித வரலாறு குறித்து 2022 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இவ்வெண்ணத்தை அசைக்கிறது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றைப் பயின்ற சிறுவனுக்கு மனனம் என்பதே கற்கும் வழியாயிருந்தது என்று அவர் காட்டுகிறார். வாயாற் சொல்லி, மணலில் எழுதி, எழுதியதைக் கண்ணாற் கண்டு, பிறர் சொல்வதைக் காதாற் கேட்டு அவன் கற்றான். உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று அவன் ஓதியவை வெற்றொலிகள் அல்ல. அவன் வீட்டுக் களத்தில் அளக்கப்பட்ட அளவைகள்.

நினைவை ஆராய்ந்து 1885 இல் நூல் வெளியிட்ட எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்தார். நெல்லிலக்கம் ஓதியவனை அந்த அளவுகோலால் அளத்தல் தகுமோ? பயிற்சி விதியை வகுத்த தார்ண்டைக்கும், கண்களை மூடியபடி குறித்த நீளத்தில் கோடு வரையச் செய்து பார்த்து, தன் விளைவை அறியாமல் வெறுமனே திரும்பச் செய்வதால் பயனில்லை என்று 1930களின் தொடக்கத்தில் தம் விதியைத் திருத்திக்கொண்டார். நம் கையேடுகளில் விதி இடம்பெறும் அளவுக்குத் திருத்தம் இடம்பெறுவதில்லை. மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட நினைவிலிருந்து மீட்டுச் சொல்வதே நாட்பட நிலைக்கிறது என்று ரோடிகரும் கார்பிக்கேயும் 2006 இல் காட்டினர். சின்னக் குறிப்பிடத்தை ஒப்பித்து வளர்ந்த நம் மூத்தோர் இதைக் கேட்டுப் புன்னகைக்கக்கூடும்.

எனினும் திண்ணையைப் போற்றிப் பாடிவிட்டு எழுந்துவிட நமக்கு மனமில்லை. 9 ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அவ்வூர்களின் விளைச்சலில் அக்கல்வி நிலையம் வாழ்ந்தது. விளைவித்தவரின் பிள்ளைகள் அங்கு பயின்றனர் என்று எண்ண இடமில்லை. பிற்காலத்துத் திண்ணைகளிலும் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமிருந்ததில்லை. பெண் குழந்தைகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே. கலம் கலமாக நெல்லை அளந்து கொட்டிய கைகளுக்கு நெல்லிலக்கம் எட்டவில்லை. கூண்டுக்குள் விடப்பட்ட பூனை எவ்வாறு கதவைத் திறந்தது என்று கூறும் கோட்பாடு, பள்ளிக்குள் விடப்படாத குழந்தையைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. நம் குறை இதுவே.

இன்று கதவு திறந்திருக்கிறது. ஆயினும் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்றொரு பட்டியல் உண்டு. உளவியலின் சொல்லைப் போல் அது ஒலிக்கிறது. அந்தி வரை வயலில் நிற்கும் பெற்றோரின் பிள்ளைகள் அதில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பவர் அரிது.

பியாஜே பிறந்த அதே 1896 இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து, 1934 இல் இளவயதிலேயே மறைந்த வைகோட்ஸ்கி இங்கு நமக்குத் துணையாகிறார். பத்து வயதுச் சிறுவர் இருவர் தனித்து விடப்பட்டால் எட்டு வயதினர்க்குரிய கணக்குகளையே செய்கின்றனர் எனக் கொள்வோம் என்கிறார் அவர். சற்றே கைகொடுத்தால் ஒருவன் ஒன்பது வயதினர்க்குரியதை எட்டுகிறான். மற்றவன் பன்னிரண்டு வயதினர்க்குரியதையே எட்டிவிடுகிறான். பள்ளிப் பட்டியலிலோ இருவருக்கும் ஒரே மதிப்பெண். அருகமர்ந்து கைகொடுத்துப் பார்த்தவர்க்கன்றி அந்த இரண்டாமவன் யாரென்று தெரியாது.