உடுவில் மனையும் ஒரு நினைவு நூலும்

நினைவு நூல்கள் இருவகைப்படும். வாழ்ந்தவர் தாமே எழுதி வைத்தவை ஒருவகை. அவர் மறைந்தபின் பிறர் தொகுத்து வெளியிட்டவை மற்றொரு வகை. இரண்டாம் வகை நூலைக் கற்போர்க்கு ஒரு விழிப்பு வேண்டும். அதில் ஒலிப்பது இறந்தவரின் குரல். எப்பகுதியை எடுப்பது, எப்பகுதியை விடுப்பது என்று முடிவு செய்தது தொகுத்தவரின் கை. யாழ்ப்பாணத்து உடுவிலில் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த அமெரிக்கப் பெண்மணி ஹேரியட் வின்ஸ்லோவைப் பற்றி, அவர்தம் கணவர் மைரன் வின்ஸ்லோ 1835-இல் நியூயார்க்கில் வெளியிட்ட ஆங்கில நினைவு நூல் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அக்கணவர் தமிழ் மாணவர்க்குப் புதியவர் அல்லர். 1862-இல் சென்னையில் வெளிவந்து, 67,000-க்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் கூறிய தமிழ் - ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் அவரே. அகராதி அறியப்பட்ட அளவுக்கு நினைவு நூல் அறியப்படவில்லை. சமயப் பரப்பு நூல் என்று பலரும் அதனை ஒதுக்கியமை இதற்குக் காரணமாகலாம். ஆயினும் அதனுள் ஓர் இளந் தம்பதியரின் அன்றாட வாழ்க்கை பதிந்து கிடக்கிறது. அவ்வாழ்க்கையின் வழியே தமிழர் கல்வி வரலாற்றின் ஒரு திருப்பமும் புலனாகின்றது.

மலேசியத் தமிழரும் இந்நூலும்

ஜொகூர் மாநிலத்தில் ரெங்கத்திற்கும் கூலாய்க்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் லாயாங் லாயாங். 1909-இல் ஜொகூர் பாருவை எட்டிய அப்பாதையும், அதன் இருமருங்கும் எழுந்த தோட்டங்களும் இரு வேறு தமிழரை இந்நாட்டிற்கு அழைத்து வந்தன. தமிழ்நாட்டிலிருந்து கங்காணியின் பின்னே வந்து, இரப்பர்க் காட்டில் பால் வெட்டியோர் பெரும்பான்மையினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இருப்புப்பாதை நிலைய அதிகாரிகளாகவும் அலுவலகக் கிராணிகளாகவும் அமர்ந்தோர் சிறுபான்மையினர். இருவர்க்கும் தாய்மொழி ஒன்றே. வாழ்ந்த வீடுகள் வேறு, பெற்ற ஊதியம் வேறு, பிள்ளைகள் பயின்ற பள்ளிகளும் வேறு. இவ்வேறுபாட்டிற்கு முதன்மையான காரணம் ஆங்கிலக் கல்வி. அக்கல்வி யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய இடங்களுள் உடுவில் மனையும் ஒன்று. ஆகவே அம்மனையின் கதை யாழ்ப்பாணத்தார்க்கு மட்டும் உரியதன்று. தோட்டப் பள்ளியில் பயின்று வந்த தலைமுறையினரும் அறிதற்குரியது.

நூலின் அமைப்பும் நோக்கமும்

ஹேரியட் 1796-இல் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் பிறந்தார். 1819 சனவரியில் மைரன் வின்ஸ்லோவை மணந்தார். அவ்வாண்டு சூன் திங்களில் பாஸ்டன் துறைமுகத்தில் ‘இண்டஸ்’ என்னும் கப்பலேறினார். ஸ்போல்டிங், உட்வர்ட், மருத்துவர் ஸ்கடர் ஆகியோரின் குடும்பங்களும் அக்கப்பலில் இருந்தன. கல்கத்தா வழியாக அவர்கள் இலங்கையை அடைந்தபோது ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தது. 1820-இல் வின்ஸ்லோ தம்பதியர் உடுவிலில் குடியேறினர். 1833 சனவரியில் ஹேரியட் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 36.

இவ்வாழ்க்கையை அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டே நூல் கூறிச் செல்கிறது. கணவரின் உரைநடை அவற்றை இணைக்கும் நாராக அமைகின்றது. மிஷனார் மனைவியரின் நினைவு நூல் என்பது அக்கால அமெரிக்காவில் தனியொரு வகையாகவே வளர்ந்திருந்தது. 1812-இல் மொரீசியசுத் தீவில் பத்தொன்பது வயதில் இறந்த ஹேரியட் நியூவெல், பர்மாவில் பணியாற்றி 1826-இல் மறைந்த ஆன் ஜட்சன் ஆகியோரின் வரலாறுகள் பெருவாரியாகப் படிக்கப்பட்டன. அவற்றைப் படித்தோர் பொருளுதவி செய்தனர். இளைஞர் சிலர் தாமும் கடல் கடக்க முன்வந்தனர். வின்ஸ்லோவின் நூலும் இந்நோக்கத்தினின்று விலகியதன்று. துன்பம் வரும் இடமெல்லாம் இறைவன் திருவுளம் என்ற அமைதியில் முடிவதும், சைவ வழிபாடு இருளாகக் காட்டப்படுவதும் இந்நோக்கத்தின் விளைவுகளே. இவை நூலின் இலக்கியத் தரத்தைக் குறைக்கின்றன என்பதை மறைத்தற்கில்லை. முடிவை முன்னரே தீர்மானித்துக்கொண்ட நடையில் வாசகன் தானே உணர்வதற்கு இடம் குறைகின்றது.

அன்றாட வாழ்க்கை

போதனை ஓய்ந்து வீட்டுச் செய்தி தொடங்கும் பக்கங்களில்தான் இந்நூல் உயிர் பெறுகின்றது. உடுவிலில் அவர்கள் பெற்றவை போர்த்துக்கீசியர் காலத்துப் பழைய தேவாலயமும் மனையும் ஆகும். அங்கே அவர்களைத் தனிமை சூழ்ந்தது. 1820-இல் அமெரிக்காவிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளர் ஜேம்ஸ் கேரட்டை, இலங்கையின் ஆங்கில அரசு தங்க விடாது திருப்பி அனுப்பியது. அதன்பின் 1833 வரை புதிய அமெரிக்க மிஷனார் எவர்க்கும் இசைவு இல்லை. ஹேரியட் உடுவிலில் வாழ்ந்த காலம் முழுவதும் ஏறத்தாழ இத்தடைக் காலமே என்பது கருதத்தக்கது. தம்முடன் வந்த சில குடும்பங்களையன்றி, தாய்மொழியில் மனம் விட்டுப் பேசப் புதிய முகம் ஒன்றும் அவருக்கு வாய்க்கவில்லை. பின்னர் அவருடைய தங்கையர் மூவர் இதே மிஷனின் பணிக்குக் கீழை நாடுகளுக்கு வந்தனர். அவர்கள் வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

கடிதம் ஒன்று கடல் கடக்கப் பல திங்கள் ஆயிற்று. நலம் கேட்டு எழுதிய கடிதம் சேரும்போது, கேட்கப்பட்டவர் நலமாக இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. கல்வியின் பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட மகன் சார்லஸ், அங்குச் சென்ற சிறிது காலத்தில், 1832-இல், பதினோராம் வயதில் இறந்தான். வேற்று நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய தாய், தம் பிள்ளையின் படிப்புக்காக அவனைப் பிரிய நேர்ந்ததை நூல் தியாகம் என்று சொல்கிறது. அதனுள் மறைந்து நிற்கும் முரண்பாட்டை அது எடுத்துரைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தம் மகளை மிஷன் விடுதிக்கு அனுப்பத் தயங்கியதும், ஹேரியட் தம் மகனைக் கப்பலேற்றத் தயங்கியிருக்கக் கூடியதும் ஒரே தாய்மை உணர்வே. முன்னது அறியாமை என்றும் பின்னது அன்பு என்றும் பெயர் பெறுவது அவ்வகை நூல்களின் குறை.

1824-இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பள்ளியே ஹேரியட்டின் பெயரை நிலைநிறுத்தியது. அதன் தோற்றம் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. தையல் பழக வந்துகொண்டிருந்த சிறுமியர் இருவர், ஒருநாள் மாலை பெருமழையால் வீடு திரும்ப இயலாமல் மனையிலேயே தங்கி உண்டு உறங்கினர்; அதன்பின் அவர்களே விடுதியின் முதல் மாணவியர் ஆயினர் என்பது அது. இதில் மழையைவிடச் சோறே முதன்மையானது. பிறர் சமைத்த சோற்றை உண்பது சாதி நீங்குதலாகக் கருதப்பட்ட காலம் அது. ஆகவேதான் மிஷன் விடுதிகள் தொடக்கத்தில் உயர்சாதி எனப்பட்டோரின் வழக்கத்திற்கு ஏற்பச் சமையல் ஏற்பாடு செய்தன. படித்து முடித்து மணம் புரியும் பெண்ணுக்குச் சீதனம் தரவும் மிஷன் உடன்பட்டது. சமத்துவம் போதிக்க வந்தவர்கள் அடுக்களையில் சாதிக்கும், மணப்பந்தலில் சீதனத்திற்கும் விட்டுக்கொடுத்தனர். இவ்வுண்மை போதனைப் பக்கங்களில் கிடைப்பதன்று. வீட்டுச் செய்திகளைக் கூர்ந்து நோக்குவார்க்கே கிடைப்பது.

பேசப்படாதோர்

மிஷனார் எழுத்துக்களில், அன்றைய யாழ்ப்பாணத்துப் பெண்களுள் கோயிற் கணிகையர் தவிர எழுத்தறிந்தோர் அரியர் என்னும் கருத்து மீண்டும் மீண்டும் வருகின்றது. எழுத்தறிவு என்ற அளவில் இது பெரும்பாலும் மெய்யே. ஆனால் எழுத்து இன்மையே அறிவு இன்மை ஆகாது. தாலாட்டும், ஒப்பாரியும், கும்மியும், மருத்துவக் கைமுறையும், பிள்ளைப்பேற்று நுட்பமும் அப்பெண்களிடம் வாழ்ந்த கல்வி. அம்மனையில் சமைத்தவர், குழந்தைகளை வளர்த்தவர், தமிழ்ச் சொற்களைப் பழக்கியவர் யாவரும் தமிழரே. அவர்கள் சொல்லக் கேட்டு அயலார் எழுதிய செய்திகள் உண்டு; அவர்கள் தாமே சொன்னவை இல்லை.

பெயர்களிலும் இந்நிலை காணப்படுகின்றது. அமெரிக்காவில் பொருளுதவி செய்தவர் விரும்பிய பெயரை விடுதி மாணவர்க்கு இடும் வழக்கம் இம்மிஷனில் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோரின் பெயர்களின் முற்பகுதி இவ்வாறு வந்ததே. இவ்வறிஞர்கள் தமிழ்ப் பெயரையும் உடன் வைத்துக்கொண்டு தமிழுக்குத் தொண்டாற்றினர். அவர்களைப் போல் நூல் எழுதும் வாய்ப்புப் பெறாத மாணவியரோ, மிஷன் அறிக்கைகளில் அயற்பெயர்களாகவே நின்றுவிட்டனர்.

எனினும் குறை ஒன்றையே காண்பதும் நடுவுநிலை ஆகாது. பெண்ணுக்கு எழுத்து வேண்டா என்றிருந்த ஊரில், அயல்நாட்டுப் பெண் ஒருவர் பள்ளியைத் தொடங்கி நிலைபெறச் செய்தார். அவர்க்குப்பின் ஸ்போல்டிங் தம்பதியரும், 1840 முதல் எலைசா அக்னியூவும் அதனை வளர்த்தனர். அதன் எதிரொலியும் தமிழர்க்கு நன்மையாகவே முடிந்தது. ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் உடுவிலை அடுத்த மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்ததும் மிஷன் கல்விக்கு விடையாக எழுந்தவை. பெண்கல்விக்கு வந்த விடைக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

அகராதியும் மனையும்

வின்ஸ்லோவின் அகராதி அவர் ஒருவரின் படைப்பன்று. சோசப் நைட் என்னும் ஆங்கில மிஷனார் தொடங்கி வைத்த சொற்றொகுதி அதன் அடிப்படை. தமிழ்ப் பண்டிதர்கள் பலர் அதற்கு உழைத்தனர். அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டும் இடம்பெற்றுள்ளன. செந்தமிழ்ச் சொல்லைப் பண்டிதர் ஏட்டிலிருந்து தரலாம். பேச்சுவழக்குச் சொல்லோ முற்றத்திலும் சந்தையிலும் நோயாளியின் படுக்கையருகிலும் கேட்டுப் பெறுவது. வின்ஸ்லோ தமிழைக் கேட்டுப் பழகிய முதற் பதின்மூன்று ஆண்டுகள் உடுவில் மனையில் கழிந்தவை. அகராதியைப் புரட்டும் ஆசிரியர், அச்சொற்களைப் பேசிய பெயரறியாத வாய்களையும் நினைத்தல் தகும்.

முடிவுரை

தன் சமயத்தைத் தாண்டிப் பிறரைக் காண இயலாமை இந்நினைவு நூலின் பெருங்குறை. ஓர் இளம்பெண்ணின் தனிமை, பிள்ளையின் பிரிவு, அயலூர் அடுக்களையில் எழுந்த சிக்கல் ஆகியவற்றை மூடி மறைக்க இயலாதபடி தேதியிட்ட தாள்களில் காத்து வைத்தமை அதன் பெருஞ்சிறப்பு. புகழுரையாகவோ பழியுரையாகவோ கொள்ளாமல், வீட்டு வரலாறாகக் கற்பார்க்கு இது பயன் தரும்.

இந்நூலைக் கற்கும் மலேசிய ஆசிரியர்க்கு இன்னொரு கேள்வியும் எழும். உடுவிலில் வாழ்ந்த அமெரிக்கப் பெண்ணின் நாட்கள் எழுத்தில் நின்றன. அதே நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும் கடல் கடந்து வந்து, விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்ற தமிழ்த் தாயின் நாட்களுக்கு அத்தகைய குறிப்பேடு இல்லை. அவருக்கும் பிரிவு இருந்தது. ஊருக்குப் போடாத கடிதங்கள் இருந்தன. மண்ணில் இட்ட பிள்ளைகள் இருந்தனர். லாயாங் லாயாங் போன்ற ஊர்களின் மாணவர், தம் பாட்டியிடம் கேட்டு ஒருநாள் வாழ்க்கையையேனும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைப்பாராயின், உடுவில் நூல் விட்டுச் சென்ற குறை இம்மண்ணிலேனும் ஓரளவு நிறைவுறும்.